நேர்ச்சைக் கீரை

காஸ்பரின் நெஞ்சுக்குள் ஜூன் மாதத்திலிருந்து ஒரு சத்தம் குடியிருந்தது. மேசைக் கடிகாரத்தைத் துண்டுக்குள் சுற்றி வைத்தால் எப்படிக் கேட்குமோ அப்படி ஒரு டிக், டிக். இதயத்தில் கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதன் இரண்டு சின்னக் கதவுகள் மூடிக்கொள்ளும்போது எழுகிற சத்தம் அது. சாந்தோமில் ஞாயிறு பூசையின்போது, சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்ற நேரத்தில் கோயிலே மூச்சடக்கித் தலை குனிந்து நிற்குமே, அப்போது முன்வரிசைப் பெண்கள் தங்கள் கைக்கடிகாரத்தை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துக்கொள்வார்கள். காஸ்பருக்கு மானமே போய்விடும். வாயைத் திறந்தால் சத்தம் இன்னும் கூடுதலாகக் கேட்கும் என்பதால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார். பாடகர் குழுவில் இருபது வருடமாகக் கடைசி வரிசையில் நின்று பாடியவரை, "உடம்பைப் பாத்துக்கோங்க அண்ணே" என்று பக்குவமாகச் சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். மெதுவான பாட்டுகளில் தாளம் இடிக்கிறதாம்.

அவருக்கு மானக்கேடாக இருந்த அந்தச் சத்தம்தான் அவர் மனைவி நோராவுக்கு உயிர்ப்பிடி. நோரா பயந்தாங்கொள்ளி. அதை அவளே ஒத்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குவாள், ஆனால் வீட்டுக்குள் தொலைபேசி நேரங்கெட்ட நேரத்தில் அடித்தால் காஸ்பரை எடுக்கச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விடுவாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பயமெல்லாம் ஒரே இடத்தில் வந்து குவிந்துவிட்டது. மத்தியானம் காஸ்பர் கண்ணயர்ந்தால், ஃபேனை நிறுத்திவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பாள். வியர்த்துப்போய் எழுந்து அவர் சண்டைக்கு வந்தால், கரண்ட் போய்விட்டது என்று கூசாமல் பொய் சொல்வாள்.

இப்படிப்பட்டவள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சும்மா இருந்திருப்பாளா? மாதாவிடம் நேர்ச்சை வைத்துவிட்டாள். "அவரை உயிரோட என் கையில குடுத்துடு தாயே. திருவருகைக் காலம் முழுக்க, கிறிஸ்மஸ் வரைக்கும், எங்க வீட்ல மீனும் இல்ல, கறியும் இல்ல." காஸ்பரின் நாக்கை அடமானம் வைத்துச் செய்த நேர்ச்சை அது. அவரைக் கேட்டிருக்கலாமே என்றால், அவர் அப்போது மயக்கத்தில் இருந்தார்.

மாதா தன் பங்கைச் செய்தாள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு நர்ஸ் வந்து, செய்ய வேண்டியதையெல்லாம் சொன்னாள். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. மாத்திரை அளவு சரிதானா என்று மாதம் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். "அப்புறம், கீரை, கோஸ் மாதிரி பச்சைக் காயெல்லாம் எப்பவும் எவ்ளோ சாப்பிடுவீங்களோ அதே அளவுதான். திடீர்னு கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது."

நோரா சிரித்தேவிட்டாள். "சிஸ்டர், இவரு கீரைக்கட்டைக் கையால தொட்டதுகூடக் கிடையாது. வஞ்சிரம், சங்கரா, அதுவும் இல்லன்னா நெத்திலி. இவருக்குக் கூட்டுறதுக்கு என்ன இருக்கு?"

நர்ஸும் சிரித்தாள். காஸ்பர்கூட, தையல் வலிக்க வலிக்க, சிரித்தார். அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு அங்கேயே விழுந்து போயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு நோராவுக்குக் கை சும்மா இருக்க முடியவில்லை. சும்மா இருந்தால் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே மகள் லிசா கோயம்புத்தூரில் இருந்தாள். அவளைத் தினமும் எத்தனை தடவைதான் போனில் கூப்பிடுவது? காஸ்பரை விட்டுவிட்டு வெளியே போகவும் மனம் வரவில்லை. போவதற்கு மிச்சமிருந்த ஒரே இடம் மொட்டை மாடி. செப்டம்பர் கடைசியில் செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் மாட்டு எருவும் வரவழைத்து, பைகளில் நிரப்பி, மாடியில் வரிசையாக வைத்துவிட்டாள்.

சென்னையில் குளிர்காலம் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஃபேனை மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குவதைத்தான் நாம் குளிர் என்கிறோம். ஆனால் செடிக்கு அந்த இரண்டு போதும். கத்தரியும் வெண்டையும் வருடம் முழுக்க வரும். இங்கிலீஷ் காய் என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தக் கோஸும் காலிபிளவரும் நூல்கோலும் பாலக்கும் இந்த ஊரில் மழைக்கும் வெயிலுக்கும் நடுவில் கிடைக்கிற அந்த மூன்று மாதத்தில் வந்தால்தான் உண்டு. மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். அதனால் நோரா மழைக்கு முன்பே தட்டுகளில் விதை போட்டு, கொட்டுகிற நாட்களில் படிக்கட்டு முகப்புக்குள் தூக்கி வைத்து, வெயில் எட்டிப் பார்த்தால் வெளியே எடுத்து வைத்து, நாற்றுகளைக் காபந்து பண்ணினாள். கடல் காற்றில் உப்பு ஏறி இலை கருகாமல் இருக்க, கிழக்குப் பக்கம் கயிறு கட்டித் தன் பழைய புடவைகளைத் தொங்கவிட்டாள். தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இவள் எந்நேரமும் துணி காயப்போடுவதாகத் தோன்றியது.

உரத்துக்கு மீன் கழிவும் வெல்லமும் ஊறவைத்த கரைசல். கழிவு கொண்டு வந்தவள் ஆரோக்கியமேரி. நொச்சிக்குப்பத்திலிருந்து கூடையோடு வந்து அந்தத் தெருவில் பல வருடமாக மீன் விற்பவள். காஸ்பரின் கைராசியில் தனக்கு வியாபாரம் ஆகிறது என்று நம்புகிறவள். திருவருகைக் காலத்து முதல் ஞாயிறுக்கு மறுநாள் வழக்கம்போல வாசலில் கூடையை இறக்கியவளிடம் நோரா விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னா டீச்சர், வஞ்சிரம் வோணாம், கழிவு மட்டும் குடுன்றீங்க? செடிக்கு மீனு, அண்ணனுக்குப் புல்லா? நல்லா கீது உங்க நியாயம்."

"நேர்ச்சை, மேரி."

"நேர்ச்சை வச்சது நீங்க. அந்தாளு இன்னா பாவம் பண்ணாரு?" என்று சொல்லிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணா, மூஞ்சி வாடிப் போய் கீது உனுக்கு" என்று குரல் கொடுத்தாள். காஸ்பர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த வருடம் மாடி நோராவின் மேல் காட்டிய கருணையை என்ன சொல்ல. பாலக் தழைத்தது. வெந்தயக்கீரை பையை மீறி வழிந்தது. முள்ளங்கி கீழே பருக்கும் முன்பே மேலே தழையை அள்ளிக் கொடுத்தது. நூல்கோல் பச்சைப் பந்து போல உருண்டு, சுற்றிலும் அகலமான இலைகளை விரித்தது. மீனை நிறுத்திய வீட்டில் தட்டை நிரப்ப இதைவிட வேறென்ன வேண்டும்? முதல் நாள் பாலக்கைக் கடைந்து, பூண்டு தாளித்துக் கொட்டிப் பரிமாறினாள். காஸ்பர் ஒரு வாய் வைத்தார். சற்று நேரம் மெல்லாமல் இருந்தார். பிறகு நோராவின் முகத்தைப் பார்த்தார், விழுங்கினார், "நல்லாத்தான் இருக்கு" என்றார். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

அவ்வளவுதான், நோராவைப் பிடிக்க முடியவில்லை. காலையில் வெந்தயக்கீரைச் சப்பாத்தி. மத்தியானம் பாலக் கடைசலும் முள்ளங்கித்தழைப் பொரியலும். சாயங்காலம் நூல்கோல் இலையை நறுக்கிப் போட்டு மிளகு தூவிய சூப். கீரை ரத்தத்துக்கு நல்லது என்று நம் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ரத்தத்தோடு இவ்வளவு பாடுபட்ட மனிதருக்கு அதைவிட நல்லது வேறு எது என்று அவள் நினைத்தாள். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் நாக்கை நீட்டிக் காட்டும்வரை விடமாட்டாள்.

அந்த மாதத்து ரத்தப் பரிசோதனை நாளன்று மழை கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் காஸ்பர். ஊசி என்றால் அவருக்கும் ஆகாது. அடுத்த வாரம் கேக்குக்கு மாவு சலிக்க வேண்டியிருந்தது. கிறிஸ்மஸ் கழியட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு, பீடத்தில் ரோஜா நிற மெழுகுவத்தி எரிந்தது. எழுந்தேற்ற நேரம். மணி அடித்து ஓய்ந்தது, கோயில் மூச்சடக்கியது. நோரா வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு காதைக் காஸ்பர் பக்கம் கொடுத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

யாரோ இருமினார்கள். தூரத்தில் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. முன்வரிசையில் ஒருத்திகூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நோரா கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தாள். காஸ்பர் நின்றுகொண்டுதான் இருந்தார். வாயைக்கூடச் சற்றுத் திறந்து வைத்திருந்தார். முகத்தில் ஒரு புன்னகை. அதற்குப் பிறகு பூசையில் என்ன நடந்தது, நற்கருணை வாங்கினாளா இல்லையா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

வெளியே வந்ததும் காஸ்பர் அவள் கையைப் பிடித்துக் மாதா சுரூபம் இருக்கும் கெபிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "கவனிச்சியா? சத்தம் இல்ல. நாலஞ்சு நாளாவே அடங்கிக்கிட்டு வருது. சொன்னா எங்க மறுபடி ஆரம்பிச்சிடுமோன்னு சொல்லல."

"ஏங்க, அது நிக்கலாமா?"

"நேர்ச்சை வச்சது நீ. பலன் கிடைச்சா நீயே பயப்படுறியே." அவர் மாதா முன்னால் மெழுகுவத்தி ஏற்றினார். "புகழேந்திகிட்ட பேசிட்டேன். கிறிஸ்மஸ் பூசையில நான் பாடலாம்னு சொல்லிட்டான்." புகழேந்தி பாடகர் குழுவை நடத்துபவர். காஸ்பர் கண்ணில் தண்ணீர் இருந்தது. துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெறும் நாளில்கூடக் கலங்காத மனிதர்.

நோரா நம்பப் பார்த்தாள். நம்பிவிட்டால் பயம் போய்விடுமே என்ற ஆசைதான். அன்று மத்தியானம் சாப்பாடு முடியும்வரை நம்பவும் செய்தாள். அவர் தூங்கியதும் ஃபேனை நிறுத்திவிட்டு, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். முன்பெல்லாம் எவர்சில்வர் தட்டில் வளையல் பட்டது போலக் கணீரென்று இருக்கும். இப்போது ஈரத்துணியைத் தரையில் வைத்தது போல ஏதோ ஒன்று அமுங்கி அமுங்கிக் கேட்டது. அவள் காதை எடுத்துவிட்டாள். எடுத்த பிறகும் அது கேட்டுக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு ஒரு நடை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாங்க" என்றாள், அவர் எழுந்ததும்.

"போய் என்ன சொல்லுவ? சத்தம் வருதுன்னு போறவங்கள பாத்திருக்கேன். சத்தம் நின்னுடுச்சுன்னு யாராவது போவாங்களா? படுக்க வச்சு ஊசி குத்திப் புது வருஷத்துக்குத்தான் விடுவான். நான் பாட வேணாமா?"

அவள் வற்புறுத்தியிருக்கலாம். ஒரு போன் போட்டிருந்தால் போதும். ஆனால் பயந்தவர்களின் புத்தி விசித்திரமானது. ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்காத வரைக்கும் வெறும் சந்தேகம்தானே. அதனால் அவள் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். கூடையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், உடம்புக்குத் தெம்பு வரட்டும் என்று, இருந்த பாலக்கில் பாதியை அறுத்துக் கொண்டு வந்தாள். அந்த வாரம் அவள் பயம் ஏற ஏறக் காஸ்பர் தட்டில் கீரையும் ஏறிக்கொண்டே போயிற்று. அவரும் மறுக்காமல் தின்றார். இரண்டு வார்த்தை பேசினால் ஒரு பெருமூச்சு விட்டார். கேட்டால் குளிர் என்றார்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு, காலையில், நோரா மாடியில் காலிபிளவர் பையருகே குந்தியிருந்தாள். அன்றுதான் இலைகளுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு மொட்டுத் தெரிந்தது. வெயில் பட்டு மஞ்சளாகாமல் இருக்க, சுற்றியுள்ள இலைகளை மடக்கி அதன் மேல் மூட வேண்டும். "என்னங்க, வந்து பாருங்க" என்று சந்தோஷத்தில் கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்ட பிறகுதான் படிகளை நினைத்தாள். காஸ்பர் வரும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

படிக்கட்டு முகப்புக்கு ஓடினாள். அவர் மேலே வந்து சேர மூன்று படிகள் இருக்கையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு சாம்பல் நிறமாக இருந்தது. சட்டைக் காலரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"நோரா," என்றார். மூச்சு வாங்கினார். "படி... கூட்டிக் கட்டிட்டாங்களா?"

கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து, தெருமுனையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஆட்டோக்கார அஃப்தாபைக் கூப்பிட்டாள். என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் துடைத்த துணியைக் கையில் பிடித்தபடியே மேலே ஓடிவந்து, காஸ்பரைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினான்.

"சாய்ஞ்சுக்கோ சார். படுக்காத. நான் கீறேன்ல, அஞ்சு நிமிஷம்."

கச்சேரி ரோட்டில் மெட்ரோ வேலைத் தடுப்பு. ஆட்டோ ஊர்ந்தது. இரைச்சலில் அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கவும் வழியில்லை. நோரா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு செபம் சொல்லப் பார்த்தாள். 'அருள் நிறைந்த மரியே' என்பதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. ஆயிரம் தடவை சொன்ன செபம் அது. அஃப்தாப் ஒருவழித் தெருவில் எதிர்ப்பக்கமாக விட்டான். போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டிவிட்டு, உள்ளே இருந்தவர் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அன்று பொறுப்பில் இருந்தவர் டாக்டர் தமிழ்நிலா. சின்ன வயது, மெல்லிய குரல். காஸ்பரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் அதை எடுக்காமல் நின்றார். பிறகு யாரையோ பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்குப் பிறகு எல்லோரும் வேகமாக நடக்கத் தொடங்கினார்கள்.

சற்று நேரம் கழித்து அவளை உள்ளே கூப்பிட்டுத் திரையில் காட்டினார்கள். "இதான்மா அவரோட வால்வு. ரெண்டு கதவு இருக்கு பாருங்க. இது திறந்து மூடுது. இது பாதியிலேயே நிக்குது. ரத்தம் உறைஞ்சு இடுக்குல ஒட்டிக்கிச்சு. அதான் சத்தம் அமுங்கிப் போச்சு." நோரா அந்த நிற்கிற கதவையே பார்த்தாள். "மாத்திரை எத்தனை நாள் விட்டாரு?"

"ஒரு நாளும் விடல டாக்டர். நாக்கை நீட்டச் சொல்லிப் பாப்பேன்."

"ரத்த டெஸ்ட்?"

"இந்த மாசம் மழை... போகல."

"சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

நோரா சொல்லத் தொடங்கினாள். நேர்ச்சை என்றாள். மாடியில் போட்ட தோட்டம் என்றாள். மருந்தே அடிக்காதது, எல்லாம் வீட்டில் விளைந்தது என்று சொல்லும்போது குரலில் பெருமைகூட இருந்தது. பாலக் என்றாள். வெந்தயக்கீரை, முள்ளங்கித்தழை, நூல்கோல் இலை. தினமுமா என்று கேட்டார் டாக்டர். மூன்று வேளையும் என்றாள். டாக்டரின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவள் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று.

"நல்ல சாப்பாடுதாம்மா" என்றார் தமிழ்நிலா. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவ்வளவு மெதுவாகச் சொன்னார். "ஆனா இவர் போடுற மாத்திரைக்கு அது நேர் எதிரி. கீரையே சாப்பிடாத ஆளுக்கு அளந்து குடுத்த மாத்திரை அது. திடீர்னு இவ்ளோ கீரை ஏறினா, போட்டும் போடாத மாதிரிதான்."

அந்த நர்ஸின் சிரிப்பு நோராவின் காதில் கேட்டது. தன் சிரிப்பும் கேட்டது.

"உறைஞ்சதைக் கரைக்க மருந்து ஏத்தணும்மா. நீங்க சரின்னு சொல்லணும். பெரும்பாலும் கரைஞ்சிடும். ஆனா கரையும்போது ஒரு துணுக்குப் பிச்சுக்கிட்டு மூளைக்குப் போனா, பக்கவாதம் வரலாம். அதையும் சொல்லிடணும் நான்."

"சரி" என்றாள் நோரா. வேறு என்ன சொல்வது?

"சாதாரணமா உள்ள யாரையும் விடமாட்டோம். நீங்க பக்கத்துல உக்காருங்க. அவரைப் பேச வச்சுக்கிட்டே இருங்க. வாய் கோணினா, பேச்சு குழறினா, கேட்டதுக்குப் பதில் வரலன்னா, அந்த நிமிஷமே கூப்பிடுங்க."

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது. மூக்கில் குழாயும் நெஞ்சில் ஒயர்களுமாகக் காஸ்பர் சாய்ந்து படுத்திருந்தார். நோரா அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேச வேண்டும். என்ன பேசுவது? முப்பத்தைந்து வருடம் பேசிய மனிதரிடம் பேச ஒரு வார்த்தை அகப்படவில்லை.

"லிசா எந்த மாசம் பிறந்தா, சொல்லுங்க."

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"சொல்லுங்களேன்."

"ஆகஸ்டு."

"நான் முதல்ல எந்த ஸ்கூல்ல வேலை பாத்தேன்?"

"கோபாலபுரம். என்ன நோரா, பரீட்சையா வைக்கிற?" மூச்சு இன்னும் வாங்கியது. ஆனால் வார்த்தைகள் பிசகவில்லை. பிறகு, "நான் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

"சாயங்காலம் நடக்கப் போறேன்ல. குப்பத்துப் பக்கம். போன வாரம் ஆரோக்கியமேரி சங்கரா வறுத்துக்கிட்டு இருந்தா. வாசனை ஆளைத் தூக்கிச்சு. தின்னுட்டேன். அதுக்கு மறுநாளும் போனேன்." அவர் கண்ணோரம் நனைந்தது. "உயிரைக் குடுத்தவளுக்கு வச்ச நேர்ச்சை. நாக்கை அடக்கத் தெரியாம முறிச்சுட்டேன். அதான் மாதா கதவைச் சாத்திட்டா. சாமியாரை வரச் சொல்லு நோரா, பாவசங்கீர்த்தனம் பண்ணிடறேன். எனக்குப் பயமா இருக்கு."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் இதுவரை கேட்டதில்லை. பயமெல்லாம் அவள் இலாகா. அவர் எப்போதும் சிரிப்பவர்.

சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நோராவுக்குத் தோன்றியது. மறைத்துப் பிரயோசனமில்லை, டாக்டர் எப்படியும் சொல்லிவிடுவார், ஆனால் இன்றைக்குச் சொல்லமாட்டார். இன்றைக்குப் போகட்டும். உண்மை தெரிந்தால் இனி அவள் கையால் ஒரு வாய் தண்ணீராவது நம்பிக் குடிப்பாரா? அதிர்ச்சியில் நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவள் சொட்டுகிற மருந்தைப் பார்த்தாள். அந்தத் துணுக்கு இந்த நிமிஷமே பிய்த்துக்கொண்டால், தன்மேல் இல்லாத பழியைச் சுமந்துகொண்டல்லவா இவர் போவார்.

"நீங்க மீன் தின்னதால இல்லங்க" என்றாள். "மீனையே தின்னுக்கிட்டு இருந்திருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. கீரைதான். நான் போட்ட கீரை. மாத்திரையை வேலை செய்ய விடாமப் பண்ணிடுச்சாம். அந்த நர்ஸ் சொன்னா, ஞாபகம் இருக்கா? நாமதான் சிரிச்சோம். நான்தான் மூணு வேளையும் போட்டேன். சத்தம் நின்ன அப்புறம் இன்னும் அதிகமாப் போட்டேன்."

காஸ்பர் முகத்தை மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"காதுல விழுந்துச்சாங்க?"

பதில் இல்லை.

"என்னங்க. எதாவது சொல்லுங்க." அவள் எழுந்து எட்டிப் பார்த்தாள். வாய் தெரியவில்லை, தலையணை மறைத்தது. அவர் கையை எடுத்து அழுத்தினாள். கை திருப்பி அழுத்தவில்லை. துணி போலக் கிடந்தது. "லிசா எந்த மாசம்? லிசா எந்த மாசம் பிறந்தா, சொல்லுங்க." ஒன்றும் இல்லை. கட்டில் கம்பியில் தன் மோதிரக் கையால் படபடவென்று தட்டினாள். தமிழ்நிலா ஓடி வந்தார். பின்னாலேயே நர்ஸ்.

"சார், என்னைப் பாருங்க. சார், என் கையை அழுத்துங்க. உங்க பேர் என்ன?"

காஸ்பர் தலையைத் திருப்பினார். டாக்டரின் கையை நன்றாகவே அழுத்தினார்.

"காஸ்பர்," என்றார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. பொண்டாட்டி மேல கோபமா இருக்கேன். கொஞ்ச நேரம் பேசாம இருக்க விடுங்க."

ஒவ்வொரு எழுத்தும் துலக்கமாக வந்தது. வாய் நேராக இருந்தது. நோரா நாற்காலியில் விழுந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நர்ஸுக்குப் புரியவில்லை.

"கோபத்தை மனசுல வைக்கக் கூடாது சார்" என்றார் டாக்டர், மூச்சை விட்டு. "மருந்து முடியற வரைக்கும் வாய் விட்டுத் திட்டிக்கிட்டே இருங்க."

அவர்கள் நகர்ந்ததும் காஸ்பர் நோராவைப் பார்த்தார். "எனக்குக் கீரைன்னா குமட்டும்" என்றார். "முதல் நாள்லேர்ந்தே. அந்தப் பாலக், வாயில வச்சதும் வெளிய வந்துடும்னு பாத்தேன்."

"அப்போ ஏன் இன்னும் போடுன்னீங்க?"

"ஜூன்லேர்ந்து உன் மூஞ்சில பயத்தைத் தவிர நான் வேற எதையும் பாக்கல, நோரா. தூக்கத்துல கண்ணைத் திறந்தாக்கூட நீ என் நெஞ்சைத்தான் பாத்துக்கிட்டு இருப்ப. கூடையைத் தூக்கிக்கிட்டு மாடியிலேர்ந்து இறங்கினியே, அன்னைக்குத்தான் அது இல்ல. அது வந்துடக் கூடாதுன்னு தின்னேன். தினமும் தின்னேன். என்னைக் கொன்னே போட்டிருப்ப நீ. எனக்குக் கோபமா வருது."

இருமல் வந்து அவர் நிறுத்தியபோது நோரா அவர் வாயருகே குனிந்தாள்.

"நிறுத்தாதீங்க" என்றாள். "இன்னும் திட்டுங்க."

"அந்த முள்ளங்கித்தழை இருக்கே," என்று ஆரம்பித்தார் காஸ்பர். நோரா அவர் உதடுகளைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். பாட்டிலில் மருந்து இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.